வெள்ளத்துக்கு முந்திய டைப்ரைட்டர்: அகராதிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கிலம்–தமிழ் அகராதிகளைத் தொகுப்பவர்களுக்கும் திருத்துபவர்களுக்கும்,

வணக்கம்.

நான் மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன். உங்கள் புத்தகங்கள் இல்லாவிட்டால் எனக்கு ஒரு நாள்கூட ஓடாது. அதனால் இதைச் சண்டைக்கு வந்த கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஒரு சொல்லைப் பற்றி ரொம்ப நாளாக ஒரு மனக்குறை. ஆன்டிடிலூவியன் என்பது அந்தச் சொல். இரண்டு தடவை என் காலை வாரிவிட்டது. இரண்டு தடவையும் நான் உங்களைத்தான் நம்பிப் போனேன்.

முதல் தடவை ஒரு கதை. ஒரு கிழவர் தன் உயிலைத் தானே அடிக்க உட்காருகிறார். மேசைமேல் இருப்பது ஒரு ஆன்டிடிலூவியன் டைப்ரைட்டர். ஓர் எழுத்தைத் தட்டினால் அதன் கம்பி மேலே போய் மாட்டிக்கொள்ளும். விரலால் பிடித்துக் கீழே இழுத்துவிட்டுத்தான் அடுத்த எழுத்தைத் தட்ட முடியும். என்னிடமிருந்த அகராதி இந்தச் சொல்லுக்கு ‘பெருவெள்ளத்துக்கு முற்பட்ட, மிகப் பழமையான’ என்று பொருள் சொன்னது. முதலில் இருப்பதுதானே முக்கியமாக இருக்கும் என்று ‘பெருவெள்ளத்துக்கு முற்பட்ட டைப்ரைட்டர்’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். மெய்ப்பு திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி: ‘எந்த வருஷத்து வெள்ளம்? முந்தின அத்தியாயங்களில் வரவில்லையே?’ அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மெய்ப்புப் பார்த்தவர் நல்ல மனிதர். வாசகர் குழம்பக்கூடாதே என்று அடுத்த வரியில் ‘தண்ணீர் பட்டுத் துருவேறிய’ என்று தாமாகவே சேர்த்தும் வைத்திருந்தார்.

சிரித்து முடித்துவிட்டு யோசித்தால், தப்பு அவர்மேல் இல்லை. ‘பெருவெள்ளம்’ என்று படித்தால் யாருக்கும் ஆறு உடைத்துக்கொண்டு வந்த ஒரு வெள்ளம்தான் நினைவுக்கு வரும். இந்தச் சொல்லில் இருக்கிற வெள்ளம் அப்படிப்பட்டதில்லை. அது உலகத்துக்கே ஒரு தடவை வந்த வெள்ளம். அந்த ஒரு தகவலை அகராதி சொல்லாமல் விட்டதால் ஒரு டைப்ரைட்டர் நனைந்துபோனது.

சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். முதல் பாதியான ‘ஆன்டி’ லத்தீன். ‘முன்’ என்று பொருள். வம்பு இங்கேயே ஆரம்பிக்கிறது. ஆன்டிபயாடிக், ஆன்டிசெப்டிக் என்று நமக்குப் பழகிய ஆன்டி வேறு. அது கிரேக்கம், ‘எதிர்’ என்று பொருள். ஆங்கில எழுத்தில் இரண்டுக்கும் ஓர் உயிரெழுத்து வித்தியாசம் உண்டு. தமிழில் எழுதினால் அதுவும் போய்விடுகிறது. வெள்ளத் தடுப்புச் சாதனம் ஏதோ போலிருக்கிறது என்று படித்த நண்பர் ஒருவரே நினைத்திருந்தார். வேடிக்கை என்னவென்றால், இன்னும் ஆழமாகத் தோண்டினால் இந்த இரண்டு ஆன்டியும் ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. நெற்றி, முகப்பு என்ற பொருளுள்ள ஒரு பழைய இந்தோ-ஐரோப்பிய வேர் அது. முகத்துக்கு நேரே இருப்பது முன்னதாகவும் இருக்கலாம், எதிராகவும் இருக்கலாம். நமக்கு இது புதிதில்லை. ‘எனக்கு முன் பிறந்தவர்’ என்கிறோம், ‘என் முன் நிற்கிறவர்’ என்கிறோம். ஒரே ‘முன்’ காலத்துக்கும் வேலை பார்க்கிறது, இடத்துக்கும் வேலை பார்க்கிறது.

இதே லத்தீன் ‘முன்’னிலிருந்துதான் ஆன்டிக் வந்தது. ஏன்ஷியன்ட்டும் அங்கிருந்துதான், பிரெஞ்சு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது. அதன் வாலில் இருக்கிற ‘ட்’ பிரெஞ்சில் கிடையாது, இங்கிலாந்துக்கு வந்தபின் ஒட்டிக்கொண்டது. ஆக, பழசைச் சொல்லும் மூன்று ஆங்கிலச் சொற்கள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் குணம் வேறு வேறு. ஆன்டிக்குக்கு விலை கூடும். ஏன்ஷியன்ட்டுக்கு மரியாதை கூடும். ஆன்டிடிலூவியனைப் பார்த்தால் சிரிப்பு வரும். நீங்கள் மூன்றுக்கும் ‘பழமையான’ என்று போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறீர்கள். (பிரிஸ்டீன் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் முதலில் ‘முற்காலத்திய’ என்றுதான் பொருள்பட்டது. முற்காலத்தில் எல்லாம் கெடாமல் இருந்தது என்ற நினைப்பில், இன்று ‘மாசு படாத’ என்று ஆகிவிட்டது. அந்த வழக்கை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.)

இரண்டாம் பாதி ‘டிலூவியம்’. வெள்ளம்தான். ஆனால் வெறும் வெள்ளமில்லை. கழுவிக் கரைத்துவிடு என்ற லத்தீன் வினைச்சொல்லிலிருந்து வந்தது அது. மருந்தில் தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்வதை டைல்யூட் என்கிறோமே, அதுவும் இதே வினைதான். லாண்டரி, லோஷன் எல்லாம் இதே கழுவும் குடும்பத்தைச் சேர்ந்தவை. துணியிலிருந்து அழுக்கைப் போக்குகிற மாதிரி பூமியின் மேலிருந்ததை எல்லாம் கழுவிவிட்ட வெள்ளம் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பைபிளில் ஆதியாகமம் சொல்லும் நோவா காலத்து வெள்ளம் இது. அதற்குப் பழைய தமிழ் பைபிள் ஒரு நல்ல சொல் போட்டிருக்கிறது: ஜலப்பிரளயம். ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ப்பொருள் தேடி நீங்கள் எங்கும் அலைந்திருக்க வேண்டியதில்லை. ‘ஜலப்பிரளயத்துக்கு முந்திய’ என்று போட்டிருந்தால் என் மெய்ப்புக்காரர் வருஷம் கேட்டிருக்க மாட்டார்.

வருஷம் என்றதும் சொல்ல வேண்டும், இந்த வெள்ளத்துக்கும் ஒரு காலத்தில் வருஷம் சொன்னார்கள். அதற்கு முன் சொல் பிறந்த கதை.

அச்சில் இந்தச் சொல் முதன்முதலாகத் தென்படுவது 1646-இல். எழுதியவர் சர் தாமஸ் பிரவுன், நார்விச் நகரத்து மருத்துவர். புதுச் சொற்களை அவர் அள்ளித் தெளித்தவர். எலெக்ட்ரிசிட்டி என்பதை இன்று நாம் தமிழ்ச் சொல் மாதிரியே சொல்கிறோம். அதுவும் ஆங்கிலத்தில் அவருடைய இதே புத்தகத்திலிருந்துதான் கிளம்பியது. சூடோடாக்சியா எபிடெமிகா என்று பெயர் வைத்த அந்தப் புத்தகத்தின் வேலையே, ஊரெல்லாம் நம்பிக்கொண்டிருக்கும் பொய்களை ஒவ்வொன்றாக எடுத்து உடைப்பது. யானைக்குக் காலில் மூட்டே கிடையாது என்று ஒரு நம்பிக்கை. பேட்ஜர் என்ற பிராணிக்கு ஒரு பக்கத்துக் கால்கள் குட்டை என்று ஒரு நம்பிக்கை. இப்படிப் போகிறது பட்டியல்.

அதில் ஒன்று மெத்தூசலா. மனிதர்களிலேயே அதிக காலம் வாழ்ந்தவர் அவர்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதை எப்படி உறுதியாகச் சொல்ல முடியும் என்று கேட்கிறார் பிரவுன். ஆதியாகமம் வயது சொல்வது ஆதாமின் மகன் சேத்தின் வம்சத்து ஆண்களுக்கு மட்டும். மற்றவர்களின் வயது யாருக்குத் தெரியும்? இந்த இடத்தில்தான், ஜலப்பிரளயத்துக்கு முந்திய காலக்கணக்கைக் குறிப்பிட ஒரு பெயரடை வேண்டியிருக்கிறது அவருக்கு. லத்தீனிலிருந்து இரண்டு துண்டு எடுத்து ஒட்டி ஆன்டிடிலூவியன் என்று எழுதிவிட்டார். பொய் நம்பிக்கைகளை உடைக்க வந்த புத்தகம், ஜலப்பிரளயத்தை மட்டும் கேள்வி கேட்காமல் ஒத்துக்கொண்டு அதை வைத்துச் சொல்லும் செய்திருக்கிறது. அவர் காலத்தில் அது நம்பிக்கை என்று பிரித்துப் பார்க்கிற விஷயமாகவே இல்லை. வரலாறு, அவ்வளவுதான்.

அந்தக் காலக்கணக்கை நான் ஒரு ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். மெத்தூசலாவுக்கு 187 வயதில் லாமேக்கு பிறக்கிறான். லாமேக்குக்கு 182 வயதில் நோவா பிறக்கிறான். ஜலப்பிரளயம் வரும்போது நோவாவுக்கு 600 வயது. மூன்றையும் கூட்டுங்கள்: 969. மெத்தூசலா எத்தனை வருஷம் வாழ்ந்தார்? 969. கிழவர் சரியாக வெள்ளம் வந்த வருஷத்தில் செத்திருக்கிறார். வெள்ளத்துக்கு முன்பா, வெள்ளத்திலேயா என்று ஆதியாகமம் சொல்லவில்லை. ஒரு நாள் தள்ளிப் போயிருந்தால் அவரை ஆன்டிடிலூவியன் என்று சொல்வதிலேயே வில்லங்கம் வந்திருக்கும்.

இதே மாதிரி ஆதாமிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தால், எபிரேயப் பாடத்தின்படி, சிருஷ்டிக்கும் வெள்ளத்துக்கும் நடுவில் 1656 வருஷம். 1650-இல் அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷர் இந்தக் கணக்கை முழுசாகப் போட்டு, உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்று வெளியிட்டார். கழித்துப் பாருங்கள், ஜலப்பிரளயம் கி.மு. 2348. இந்த வருஷம் பிறகு ஆங்கில பைபிள்களின் ஓரத்திலேயே அச்சாகி வந்தது. கீசாவின் பெரிய பிரமிடு அதற்கு 200 வருஷத்துக்கு மேல் மூத்தது என்பது பின்னால் தெரிந்தது. ஹரப்பாவும் மொகஞ்சதாரோவும் அந்த வருஷத்தில் தண்ணீருக்கடியில் இல்லை, நல்ல செழிப்பில் இருந்தன. ஆக அஷர் கணக்குப்படி பார்த்தால், அகராதியில் இருக்கிற நேர்ப்பொருளிலேயே, கீசாவின் பெரிய பிரமிடு ஓர் ஆன்டிடிலூவியன் கட்டடம்.

இரண்டாம் தடவை நான் விழுந்தது எதிர்ப்பக்கத்தில். டைப்ரைட்டர் விஷயத்தில் சூடு கண்டவன் ஆயிற்றே, இனிமேல் வெள்ளம் என்ற பேச்சே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். அப்போது புவியியல் வளர்ந்த வரலாற்றைப் பற்றி ஒரு நீளக் கட்டுரை வந்தது. அதில் பக்கத்துக்குப் பக்கம் ஆன்டிடிலூவியன் விலங்குகள், ஆன்டிடிலூவியன் எலும்புகள். எல்லாவற்றுக்கும் ‘பழங்கால’ என்று போட்டுக்கொண்டே போனேன். வெளியான பிறகு ஒரு வாசகர் எழுதினார்: ‘இந்த எலும்புகள் பழங்காலத்தவையா இல்லையா என்று அறிஞர்கள் சண்டை போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மண்ணுக்கடியில் கல்லோடு கல்லாகக் கிடக்கிற எலும்பு பழங்காலத்தது என்பதில் யாருக்கு என்ன சந்தேகம்?’ பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அவர்கள் சண்டை போட்டது வெள்ளத்துக்கு முன்பா, பின்பா, வெள்ளத்திலேயா என்று. நான் வெள்ளத்தை அழித்ததில் கட்டுரையின் வாதமே அழிந்துபோயிருந்தது.

அந்தச் சண்டை எவ்வளவு சுவையானது என்பதற்கு இரண்டு காட்சி சொல்கிறேன்.

ஜூரிச் நகரத்தில் யோஹான் ஷொய்க்சர் என்று ஒரு மருத்துவர். கான்ஸ்டன்ஸ் ஏரிக்குப் பக்கத்தில் ஓனிங்கன் என்ற இடத்துக் கற்சுரங்கத்திலிருந்து அவருக்கு ஒரு கற்பலகை கிடைக்கிறது. அதில் ஓர் அகன்ற தலை, பெரிய கண்குழிகள், கீழே முதுகெலும்பு. சுமார் ஒரு மீட்டர் நீளம். 1726-இல் அதை உலகத்துக்கு அறிவிக்கிறார்: ஹோமோ டிலூவீ டெஸ்டிஸ், ஜலப்பிரளயத்தைக் கண்ட மனிதன், அதில் மூழ்கிச் செத்த பாவி. அந்தப் பலகை பிறகு ஹாலந்தில் ஹார்லெம் நகரத்து டெய்லர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1811-இல் பிரெஞ்சு விலங்கியலார் ஜார்ஜ் குவியே அங்கே வந்தார். பக்கத்தில், பல்லி மாதிரி உருவமுள்ள சாலமாண்டர் என்ற பிராணியின் எலும்புக்கூட்டுப் படத்தை வைத்துக்கொண்டு, கல்லைக் கொஞ்சம் கொத்திப் பார்க்க அனுமதி கேட்டார். கொத்தக் கொத்த, படத்தில் இருந்த அதே இடத்தில், குட்டையான முன்னங்கால்கள் வெளியே வந்தன. மனிதக் கை இல்லை. ராட்சத சாலமாண்டர், தண்ணீரிலேயே கிடக்கிற ஜந்து. வெள்ளத்தில் மூழ்கிச் செத்ததாக அதைப்போய்ச் சொன்னார்களே என்று இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அதன் அறிவியல் பெயர் இன்று ஆண்ட்ரியாஸ் ஷொய்க்சரி. ஆண்ட்ரியாஸ் என்றால் கிரேக்கத்தில் மனித உருவச் சிலை. பெயர் வைத்தவர்களுக்கும் குசும்பு இருந்திருக்கிறது.

இன்னொன்று யார்க்ஷயரில். 1821-இல் கிர்க்டேல் என்ற இடத்தில் கல் உடைக்கிறவர்கள் ஒரு குகையைத் திறந்துவிட்டார்கள். உள்ளே சேறு, சேற்றுக்கடியில் எலும்பு, எலும்பு, எலும்பு. கழுதைப்புலி, யானை, காண்டாமிருகம், நீர்யானை. இங்கிலாந்தில் நீர்யானைக்கு என்ன வேலை? ஜலப்பிரளயம் வெப்பநாட்டுப் பிணங்களை அடித்துக்கொண்டு வந்து இங்கே போட்டது என்று சொல்லிவிடுவது அன்றைக்குச் சுலபம். ஆக்ஸ்ஃபோர்டில் புவியியல் சொல்லிக்கொடுத்த வில்லியம் பக்லண்ட் பாதிரியார்தான், ஆனாலும் அந்தச் சுலப வழியில் போகவில்லை. குகை வாய் யானை நுழைகிற அளவுக்கு இல்லை. எலும்புகளில் பல் பட்ட தடம் இருக்கிறது. அவர் என்ன செய்தார்? ஊர் ஊராகப் போகிற மிருகக்காட்சிக்காரர்களிடம் இருந்த ஓர் உயிருள்ள கழுதைப்புலிக்கு மாட்டுக்கால் எலும்பைப் போட்டார். அது கடித்து மிச்சம் வைத்ததை எடுத்து, குகை எலும்போடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தடம் அச்சு அசலாக ஒன்று. குகையில் கிடந்த வெள்ளை உருண்டைகள் கழுதைப்புலியின் காய்ந்த சாணம் என்பதும் தெரிந்தது. ஆக, வெள்ளம் எதையும் அடித்துக்கொண்டு வரவில்லை. கழுதைப்புலிகள் அங்கேயே குடியிருந்து, இரையைத் துண்டு துண்டாக உள்ளே இழுத்து வந்து தின்றிருக்கின்றன. யார்க்ஷயரே ஒரு காலத்தில் அவற்றின் காடாக இருந்திருக்கிறது.

ஆனால் மேலே படிந்த சேறு? அது ஜலப்பிரளயத்துச் சேறு என்றார் பக்லண்ட். 1823-இல் அவர் எழுதிய புத்தகத்துக்குப் பெயரே ‘ஜலப்பிரளய மிச்சங்கள்’ என்று பொருள்படும் லத்தீன் பெயர். இப்போது பாருங்கள், அவர் கையில் ஆன்டிடிலூவியன் என்பது ஒரு துல்லியமான சொல். சேற்றுக்குக் கீழே இருப்பது வெள்ளத்துக்கு முன், மேலே இருப்பது வெள்ளத்துக்குப் பின். கத்தி வைத்து வெட்டின மாதிரி ஒரு கோடு. இங்கே போய் ‘பழங்கால’ என்று எழுதினால் அந்தக் கோடு அழிந்துபோகிறது.

கோடு ரொம்ப நாள் நிற்கவில்லை என்பது வேறு விஷயம். அந்தச் சேறும் கூழாங்கல்லும் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் படியவில்லை என்பது தெரியத் தெரிய, ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். பக்லண்டைப் போலவே சொல்லிக்கொண்டிருந்த புவியியலார் ஆடம் செட்ஜ்விக் 1831-இல் லண்டன் புவியியல் கழகத்தின் தலைவர் உரையிலேயே தான் சொன்னது தப்பு என்று எல்லோர் முன்னும் ஒத்துக்கொண்டார். பக்லண்ட் 1836-இல் கைவிட்டார். 1840-இல் பனியாறுகளை ஆராய்ந்த சுவிஸ் அறிஞர் லூயி அகாசி ஸ்காட்லாந்துக்கு வந்தபோது, பக்லண்டே கூடப் போய், முன்பு வெள்ளத்தின் வேலை என்று தான் நினைத்த தடயங்களில் பனியாறுகளின் வேலையைப் பார்த்தார். டைனோசர் என்ற சொல்லை ரிச்சர்ட் ஓவன் உருவாக்கியது 1842-இல். அதுவரையிலும், அதற்குப்பின் கொஞ்ச காலமும், மண்ணிலிருந்து எலும்பாக வந்த ராட்சதப் பிராணிகளுக்குப் பொதுஜனம் வைத்திருந்த பெயர் ஆன்டிடிலூவியன்தான். புதுப் பெயர்கள் வந்ததும் இதற்கு அறிவியலில் வேலை போய்விட்டது.

வேலை போன சொல் கேலிக்குப் போனது. பக்கவாட்டில் கேலி முன்பிருந்தே உண்டு, இப்போது அதுவே முழுநேரப் பிழைப்பு. இன்று ஒரு ஆங்கிலேயர் இதைச் சொன்னால் நோவாவை நினைத்துச் சொல்வதில்லை. காது கேட்காத தொலைபேசி, யாருக்கும் ஏனென்று தெரியாத அலுவலக விதி, பெண்கள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் உபதேசம் செய்யும் மாமா, இவற்றுக்குத்தான் இந்தச் சொல். கல்வெட்டையோ கோயிலையோ இப்படிச் சொன்னால் ஒட்டாது. அவை நிஜமாகவே பழசு. இது பழசைப் பெரிதுபண்ணிச் சிரிப்பதற்கான சொல். முப்பது வருஷத்துப் பொருளை ஆயிரக்கணக்கான வருஷம் பின்னே தள்ளி வைக்கும்போதுதான் அதற்கு வேகம் வருகிறது. ‘மிகப் பழமையான டைப்ரைட்டர்’ என்று எழுதினால் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற மாதிரி ஆகிவிடும்.

ஒரு விஷயம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பிரவுன் செய்தது சொல்லை மட்டும்தான், எண்ணம் அவருக்கு வெகு காலம் முந்தியது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் நினிவேயை ஆண்ட அசீரிய அரசன் அசூர்பானிபால், தன் படிப்பைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்கிற இடத்தில், வெள்ளத்துக்கு முந்திய கல்லெழுத்துகளைத் தான் ஆராய்ந்ததாகச் சொல்கிறான். அக்காடிய மொழியில் ‘லாம் அபூபி’. வெள்ளத்துக்கு முன், அவ்வளவுதான். ஆன்டிடிலூவியனுக்கு அச்சு அசல் அண்ணன். அவனுடைய நூலகத்துக் களிமண் பலகை ஒன்றில் நோவா கதையைப் போலவே ஒரு வெள்ளக் கதை இருப்பதை, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்மித் 1872-இல் படித்துச் சொன்னபோது லண்டனே பரபரத்தது. அசூர்பானிபாலுக்கும் முந்தி, சுமேரியர்கள் வைத்திருந்த அரசர் பட்டியல் வெள்ளத்தை நடுக்கோடாக வைத்தே எழுதப்பட்டது. எரிது நகரத்து முதல் அரசன் அலுலிம் மட்டும் 28,800 வருஷம் ஆண்டதாக அதில் இருக்கிறது. அவனுக்குப் பக்கத்தில் மெத்தூசலா கைக்குழந்தை.

சரி, தமிழில் என்ன போடுவது?

‘கடல்கோளுக்கு முந்திய’ என்று போடலாமே என்று ஒரு பெரியவர் எனக்கு யோசனை சொன்னார். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கடல்கோள் என்றால் குமரிக்கோடும் பஃறுளியாறும் தென்மதுரையும் கூடவே வந்துவிடும். அது கடல் நிலத்தை விழுங்கிய கதை, இது நாற்பது நாள் மழை பெய்த கதை. ஆங்கிலப் பிரதியில் இல்லாத ஒரு பாண்டியனை நான் எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பது? ‘ஊழிக்கு முந்திய’ என்பதிலும் சங்கடம். ஊழி என்றால் எல்லாம் முடிகிற நேரம், இனிமேல் வரப்போவது என்ற எண்ணம்தான் நமக்கு முதலில் வரும். வெறும் ‘பிரளயம்’ என்றாலும் அதேதான். ‘ஜல’ சேர்ந்தால்தான் அது நோவாவினுடையதாகிறது. அதனால் நேர்ப்பொருளுக்கும், பக்லண்ட் காலத்துப் புவியியல் பொருளுக்கும் ‘ஜலப்பிரளயத்துக்கு முந்திய’ என்பதே போதும்.

கேலிப் பொருளுக்கு நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. நீங்கள் அவற்றைக் கொச்சை என்று வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் என் வருத்தம். மாந்தாதா காலத்து என்கிறோமே, ஆன்டிடிலூவியனுக்கு அதைவிடப் பொருத்தமான ஜோடி ஏது? மாந்தாதா இராமனுக்கும் எத்தனையோ தலைமுறை முந்தி, இக்ஷ்வாகு வம்சத்தில் வந்த அரசன். மந்திரித்த தண்ணீரைத் தாகத்தில் தானே குடித்துவிட்ட அப்பாவின் விலாவைப் பிளந்துகொண்டு பிறந்தவன். பால் கொடுக்க யாருமில்லாமல் இந்திரன் தன் விரலைச் சப்பக் கொடுத்து வளர்த்தான் என்று புராணம் சொல்கிறது. இதெல்லாம் ‘மாந்தாதா காலத்து மிக்ஸி’ என்கிறவருக்கு ஞாபகம் இருக்கிறதா? ஆன்டிடிலூவியன் என்கிற ஆங்கிலேயருக்கு நோவா ஞாபகம் இருக்கிற அளவுக்கு இருக்கும். அங்கேயும் ஒரு வேதக் கதை தேய்ந்து கேலியாகியிருக்கிறது, இங்கேயும் ஒரு புராணக் கதை தேய்ந்து கேலியாகியிருக்கிறது. தேய்ந்த அளவுகூட ஒன்றுதான்.

ஆனால் எல்லா இடத்திலும் மாந்தாதாவைக் கூப்பிட முடியாது. அவர் பொருளுக்கும் சட்டதிட்டத்துக்கும் சரிப்படுவார். ஆளைப் பற்றியும் ஆளின் எண்ணத்தைப் பற்றியும் சொல்லும்போது பத்தாம்பசலிதான் வாயில் வரும். பசலி என்பது அறுவடையை வைத்து வரி வசூலிக்க அக்பர் காலத்தில் ஏற்பட்ட ஆண்டுக்கணக்கு. பத்தாம் பசலியிலேயே நின்றுவிட்ட ஆள் என்று அர்த்தம். மாமா பத்தாம்பசலி, மாமாவின் ஃபோன் மாந்தாதா காலத்தது. மாற்றிச் சொல்லிப் பாருங்கள், காதில் இடிக்கும். அப்புறம் ‘அரதப் பழசு’ இருக்கிறது. அது ஜோக்குக்கும் சட்டைக்கும். இந்த வித்தியாசமெல்லாம் தமிழ் பேசுகிற எல்லோருக்கும் தெரியும், அகராதிக்கு மட்டும் தெரியவில்லை.

இடம் போதாது என்று சொல்வீர்கள். என் பதிவைப் பாருங்கள்: ‘1. (விவிலியம்) ஜலப்பிரளயத்துக்கு முந்திய. 2. (புவியியல் வரலாறு, இன்று வழக்கில் இல்லை) ஜலப்பிரளயச் சேறு என்று கருதப்பட்ட படிவுக்குக் கீழ்ப்பட்ட. 3. (கேலி; இன்றைய பெருவழக்கு) பொருள், விதி பற்றி: மாந்தாதா காலத்து; ஆள், எண்ணம் பற்றி: பத்தாம்பசலியான.’ இரண்டு மூன்று வரி, அவ்வளவுதான். இன்றைய பெருவழக்கு எது என்று ஒரு குறி போடுங்கள், அது முக்கியம். முதலில் இருப்பதை எடுத்துப் போட்டுவிட்டு ஓடுகிற என்னைப் போன்றவர்கள் நிறைய பேர் இருக்கிறோம். ‘மிகப் பழமையான’ என்பதை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அது மூன்றில் எதற்கும் பொருந்தவில்லை.

அந்தக் கதைப் புத்தகம் போன வருஷம் இரண்டாம் பதிப்பு கண்டது. டைப்ரைட்டர் இப்போது மாந்தாதா காலத்து டைப்ரைட்டர் ஆகிவிட்டது, வெள்ளம் வடிந்துவிட்டது. அடுத்த வரியில் ‘தண்ணீர் பட்டுத் துருவேறிய’ மட்டும் யார் கண்ணிலும் படாமல் அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் அகராதிகளைத் தினமும் புரட்டுகிற ஒரு மொழிபெயர்ப்பாளன்